பக்கத்தில் ஒரு சாட்சி: நிறமாலையைப் படம் பிடித்த பழைய கருவி

பழைய ஆய்வகத்து நிறமாலைத் தட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். நிறமாலை என்றதும் மனம் வானவில்லுக்குப் போய்விடுகிறது. தட்டிலோ நிறமே கிடையாது. ஒளி பட்டால் கறுக்கும் படலம் பூசிய ஒரு கண்ணாடித் துண்டு, அதில் சாம்பல் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. பட்டைகளுக்குள் மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள். சில அழுத்தமாக இருக்கும், சில இருக்கின்றனவா இல்லையா என்று கண்ணைச் சுருக்க வைக்கும். ஓரத்தில் மையால் எழுதிய ஒரு எண், ஒரு தேதி. அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். பட்டை எதுவும் தனியாக இல்லை. ஒவ்வொன்றின் விளிம்போடு விளிம்பு ஒட்டினாற்போல் இன்னொரு பட்டை இருக்கிறது. ஒன்று ஆராய வேண்டிய பொருளின் ஒளி. மற்றது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றின் ஒளி. இவற்றைப் பதிவு செய்த கருவிக்கு ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று பெயர். தமிழில் நிறமாலை வரைவி எனலாம். நிறமாலையைப் படம் பிடிக்கும் கேமரா என்று அதை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது பாதிதான் சரி. அந்தக் கருவிக்காகச் செலவான மூளையில் பெரும்பங்கு படம் பிடிப்பதற்கு அல்ல, இரண்டு ஒளிகளை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அருகருகே நிறுத்துவதற்குத்தான் செலவாகியிருக்கிறது.

கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு முனையில் பிளவு. கூராகத் தீட்டிய இரண்டு உலோக விளிம்புகள், அவற்றின் இடைவெளியைத் திருகால் கூட்டலாம், குறைக்கலாம். நுட்பமான வேலைக்கு அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். அதன் வழியே நுழையும் ஒளியை ஒரு லென்ஸ் இணைக்கதிர்களாக்கும். முப்பட்டகம் ஒவ்வொரு அலைநீளத்தையும் வெவ்வேறு கோணத்தில் வளைக்கும். இரண்டாவது லென்ஸ் அவற்றைத் தட்டின் மேல் குவிக்கும். தட்டில் நாம் பார்க்கும் ஒவ்வொரு கோடும் உண்மையில் அந்தப் பிளவின் பிம்பம்தான். பிளவுக்குப் பதில் வட்டத் துளை வைத்திருந்தால் கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் கிடைத்திருக்கும். பிளவின் விளிம்பில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் அது சும்மா இருக்காது. நிறமாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிடையாக ஒரு கீறலாக ஓடும். பழைய தட்டுகளில் அப்படிப்பட்ட கீறல்கள் சாதாரணம்.

சிக்கல் பொருளில்தான். உலோகங்களின் வலுவான கோடுகளில் பல புற ஊதாப் பகுதியில் விழுகின்றன. சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் வேதியியல் ஆய்வகங்களுக்கான கருவிகளில் முப்பட்டகமும் லென்ஸ்களும் குவார்ட்ஸில் செய்யப்பட்டன. குவார்ட்ஸுக்கு வேறொரு கோளாறு உண்டு. அது ஒளியின் முனைவாக்கத் தளத்தை, அதாவது ஒளி அலை அதிரும் தளத்தை, சுழற்றுவதால் ஒரே கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஆல்ஃப்ரெட் கோர்னு இதற்குச் சொன்ன தீர்வு அழகானது: இயற்கையில் வலஞ்சுழி, இடஞ்சுழி என இருவகைக் குவார்ட்ஸ் கிடைக்கிறது, ஒவ்வொன்றிலும் பாதி முப்பட்டகம் வெட்டி இரண்டையும் ஒட்டிவிட்டால் ஒன்றின் சுழற்சியை மற்றது ஈடுகட்டிவிடும். இன்னொரு தொல்லை, குவார்ட்ஸ் லென்ஸ் புற ஊதாவை ஒரு தூரத்திலும் பச்சையை வேறு தூரத்திலும் குவிக்கும். இதைச் சரிசெய்யக் கூடுதல் லென்ஸ் எதுவும் சேர்க்கவில்லை. தட்டையே நன்றாகச் சாய்த்து வைத்தார்கள், சில கருவிகளில் லேசாக வளைத்தும் வைத்தார்கள். லண்டனின் ஆடம் ஹில்கர் நிறுவனத்துக் கருவிகளின் பின்புறப் பெட்டி கோணலாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

முப்பட்டகம் மட்டுமே வழியல்ல. 1882-இல் அமெரிக்காவின் ஹென்றி ரோலண்ட் குழிந்த உலோகப் பரப்பில் மிக நெருக்கமாகக் கோடு கீறி, லென்ஸே தேவையில்லாத கீற்றணியை உருவாக்கினார். அது தனிக் கதை.

நிறமாலையைக் கண்ணால் பார்த்தால் போதாதா, தட்டு எதற்கு என்று கேட்கலாம். தொடக்கத்தில் எல்லாரும் கண்ணால்தான் பார்த்தார்கள். 1814-இல் ஃப்ரான்ஹோஃபர் சூரிய ஒளியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருள் கோடுகளைக் கண்டு கையாலேயே வரைந்தார். 1859-இல் ஹைடல்பெர்க்கில் கிர்க்காஃபும் புன்சனும் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு என்று நிலைநாட்டினார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் சீசியம், ருபீடியம் என்ற இரண்டு புதுத் தனிமங்கள் அந்த வழியில் அகப்பட்டன. எல்லாம் கண்ணின் தயவில். அந்தத் தயவுக்கு ஒரு எல்லை உண்டு என்பதை 1863-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சொல்லும். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஃபெர்டினாண்ட் ரைக் ஒரு தாதுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நிறக்குருடு. ஆகவே நிறமாலையைப் பார்க்கும் வேலையை ரிக்டர் என்ற உதவியாளரிடம் விட்டார். ரிக்டர் கண்ணில் பட்டது யாரும் அதுவரை பார்த்திராத ஒரு கருநீலக் கோடு. அப்படித்தான் இண்டியம் கிடைத்தது.

ஒளிப்படத் தட்டும் ரைக்கைப் போல நிறம் அறியாததுதான். ஆனால் அதற்கு நிறம் தேவையே இல்லை. கோடு எங்கே விழுந்தது, எவ்வளவு கறுத்தது, இந்த இரண்டும் போதும். கண்ணால் முடியாத மூன்று காரியங்களை அது செய்தது. புற ஊதாவைப் பார்த்தது. மங்கலான ஒளியை மணிக்கணக்கில் சேமித்தது. பார்த்ததை மறக்காமல் வைத்திருந்தது. எட்மண்ட் பெக்கரல் 1842-இலேயே சூரிய நிறமாலையைப் படமெடுத்துவிட்டார். விண்மீன்களுக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1872-இல் ஹென்றி டிரேப்பர் வேகா விண்மீனின் நிறமாலையைக் கோடுகளோடு பதிவு செய்தார். அந்நாளின் ஈரத் தட்டு காய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், நிமிடக்கணக்குதான் கெடு. ரிச்சர்ட் மேடக்ஸ் 1871-இல் முன்வைத்த ஜெலட்டின் உலர் தட்டு மேம்பட்டுப் பரவிய பிறகே இரவு முழுக்க ஒளியைச் சேர்த்து வைப்பது நடைமுறைக்கு வந்தது.

இனி முக்கியமான இடம். தட்டில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அதன் அலைநீளம் என்ன? அளவுகோலை வைத்து அளந்தால் ஆகாதா? ஆகாது. முப்பட்டகம் நிறமாலையைச் சீராக விரிப்பதில்லை. ஊதாப் பக்கம் தாராளமாக விரிக்கும், சிவப்புப் பக்கம் நெருக்கித் தள்ளும். அறையின் வெப்பம் சற்று மாறினாலும் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் மாறி எல்லாக் கோடுகளும் நகரும். தட்டைச் சட்டத்தில் ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் மயிரளவு இடம் மாறும். கழுவிக் காயவைக்கும்போது ஜெலட்டின் படலமும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மொத்தத்தில், தட்டின் மேல் ஒரு கோட்டின் இடத்துக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. இதே கோளாறுகள் அனைத்துக்கும் ஆளான இன்னொரு கோடு பக்கத்தில் இருந்தால்தான் அது பேசும்.

அந்தப் பக்கத்துக் கோட்டைத் தரும் வேலை பெரும்பாலும் இரும்புக்கு வாய்த்தது. இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு இடையே மின்வில்லை ஏற்றினால் புற ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஆயிரக்கணக்கான கூரிய கோடுகள் கிடைக்கும். ஒரு தனிமத்தின் நிறமாலையில் இத்தனை கூட்டம் இருப்பது மற்ற நேரத்தில் எரிச்சல், இங்கே வரப்பிரசாதம். தட்டில் எங்கே கை வைத்தாலும் அருகிலேயே ஓர் இரும்புக் கோடு இருக்கும். அந்தக் கோடுகளின் அலைநீளங்களை முன்கூட்டியே மிகத் துல்லியமாக அளந்து அட்டவணையிட்டிருந்தார்கள். அந்த அளவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது காட்மியம் என்ற உலோகத்தின் சிவப்புக் கோடு. 1907-இல் பெனுவா, ஃபாப்ரி, பெரோ மூவரும் அதை மீட்டரோடு ஒப்பிட்டு 643.84696 நானோமீட்டர் என்று நிறுத்தினார்கள். பழகிய ஆய்வாளருக்கு அட்டவணையும் அதிகம் வேண்டியிருக்காது. நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண்பவர் போல, இரும்புக் கோடுகளின் இடைவெளிக் கோலத்தைப் பார்த்தே எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்.

இரண்டு நிறமாலைகளையும் அருகருகே எடுப்பது எப்படி? முதலில் தோன்றுவது, ஒன்றை எடுத்துவிட்டுத் தட்டைச் சற்றுக் கீழே இறக்கி அடுத்ததை எடுப்பது. தட்டுச் சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தப் பல் சக்கரம் இருக்கவே செய்தது. ஒரே தட்டில் பல பட்டைகள் அடுக்கியது அப்படித்தான். ஆனால் இறக்கும்போது தட்டு பக்கவாட்டில் துளி நகர்ந்தாலும் ஒப்பீடு பொய்யாகிவிடும். ஜெர்மானிய வானியலாளர் யோஹன்னஸ் ஹார்ட்மன் பெயரால் வழங்கும் சிறு தகடு இந்தத் தலைவலியைத் தீர்த்தது. அதில் படிக்கட்டுப் போல இறங்கும் மூன்று துளைகள். அது பிளவுக்கு முன்னால் சறுக்கும். முதல் நிலையில் பிளவின் மேல்பகுதி மட்டும் திறந்திருக்கும், அடுத்ததில் நடுப்பகுதி, அதற்கடுத்ததில் கீழ்ப்பகுதி. இரும்பு, மாதிரி, மறுபடி இரும்பு என்று மூன்று முறை ஒளியேற்றினால் மூன்று பட்டைகளும் ஒட்டி விழும். தட்டைத் தொடவே இல்லை; பிளவையும் அசைக்கவில்லை. அசைந்தது ஓட்டை போட்ட ஒரு தகடு மட்டும். இந்தக் கருவியின் பாகங்களில் விலை குறைந்தது அதுவாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், பெரிய குவார்ட்ஸ் முப்பட்டகத்தைவிட மதிப்பு மிக்கதும் அதுவே.

இதே ஹார்ட்மன் 1904-இல் போட்ஸ்டாமில் கண்டது, ஒப்பீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நல்ல சான்று. ஓரியன் மண்டலத்தின் இடுப்புப் பட்டையில் உள்ள மூன்று விண்மீன்களில் ஒன்று மின்டாகா. அது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன். சுற்றுக்காலம் ஏறத்தாழ 5.7 நாள். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் கோடுகள் ஊதாப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். தட்டு தட்டாக எடுத்துப் பார்த்தபோது ஒரு கோடு மட்டும் இந்த ஊசலாட்டத்தில் சேரவில்லை. 393 நானோமீட்டரில் உள்ள கால்சியத்தின் கோடு இருந்த இடத்திலேயே நின்றது. விண்மீனில் உள்ள கால்சியமாக இருந்தால் அதுவும் ஆடியிருக்க வேண்டும். ஆகவே அது விண்மீனுடையது அல்ல, நமக்கும் அதற்கும் இடையிலுள்ள வெளியில் மிதக்கும் வாயுவுடையது என்ற முடிவுக்கு அவர் வந்தார். வெற்றிடம் என்று எண்ணிய இடத்தில் பொருள் இருப்பது, நகராத ஒரு கோட்டால் தெரிந்தது. நகரவில்லை என்று உறுதியாகச் சொல்ல, பக்கத்தில் நிலையான ஒன்று இருந்தாக வேண்டும்.

உலோக ஆய்வகங்களில் கேள்வி வேறு. கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதல்ல, கோடு இருக்கிறதா என்பது. ஈயத்தில் செம்பு கலந்திருக்கிறதா? 324.7, 327.4 நானோமீட்டர் இணையைத் தேடு. தகரத்தில் ஈயமா? 283.3-ஐப் பார். ஒரு தனிமத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போனால் அதன் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசிவரை தாக்குப்பிடிக்கும் கோடுகளுக்கு பிரெஞ்சு ஆய்வாளர் அர்னோ தெ க்ராமோன் ‘இறுதிக் கோடுகள்’ என்று பெயர் வைத்தார். சுமார் ஐம்பது தனிமங்களை இறுதிக் கோடுகள் மட்டுமே தெரியும் அளவுக்கு நுணுக்கமாகக் கலந்த ஒரு தூளை ஹில்கர் நிறுவனம் விற்றது. மாதிரியின் பட்டைக்கு அருகில் அந்தத் தூளின் பட்டையை எடுத்துவிட்டால் போதும், அலைநீளத்தைக் கணக்கிடவே வேண்டாம்; கோட்டுக்கு நேர் கோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் ஆயிற்று. ஒரே ஒரு கோட்டை நம்பித் தீர்ப்பு எழுதுவது மட்டும் கூடாது. வேறொரு தனிமத்தின் கோடு தற்செயலாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி வந்ததும் தட்டு முரண்டு பிடித்தது. ஒளி இரண்டு மடங்கானால் கறுப்பும் இரண்டு மடங்காகாது. ஹர்ட்டர், டிரிஃபீல்ட் இருவரும் 1890-இல் வரைந்து காட்டிய வளைகோட்டின்படி, கறுப்பு முதலில் தயங்கி, நடுவில் ஒழுங்காக ஏறி, பிறகு சோர்ந்துவிடும். டெவலப்பரின் (தட்டில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலின்) வெப்பம், தட்டுப் பெட்டியின் வயது, அலைநீளம் எல்லாம் அதில் கை வைக்கும். 1920-களின் நடுவில் ஜெர்மானிய இயற்பியலாளர் வால்தர் கெர்லாக் இதற்கு வழி சொன்னார். கலப்பின் கோட்டைத் தனியாக அளக்காதே. அதே பட்டையிலுள்ள மூல உலோகத்தின் கோடு ஒன்றோடு ஒப்பிடு. மின்வில் நடுங்கினால் இரண்டும் சேர்ந்து நடுங்கும், டெவலப்பர் கெட்டால் இரண்டும் சேர்ந்து கெடும். விகிதம் தப்பிப் பிழைக்கும்.

கரைசல்கள் எந்த அலைநீளத்தை எவ்வளவு உட்கவர்கின்றன என்று அறிந்த முறை இன்னும் சாமர்த்தியமானது. ஒரே விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கரைசல் வழியாகவும், மற்றொன்றை வெறும் கரைப்பான் வழியாகவும் அனுப்புவார்கள். இரண்டாவது கதிரின் பாதையில் சுழலும் வெட்டுத்தட்டு ஒன்று, தெரிந்த அளவுக்கு ஒளியைக் குறைக்கும். அளவை மாற்றி மாற்றி இணை இணையாகப் பட்டைகள். பிறகு ஒவ்வொரு இணையிலும் மேலும் கீழும் சரிசமமாகக் கறுத்திருக்கும் இடத்தைத் தேடி மையால் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் உட்கவர் வளைகோடு தட்டின் மேலேயே எழுந்து நிற்கும். கறுப்பின் அளவைச் சொல்லச் சொன்னால் மனிதக் கண் திணறும். அடுத்தடுத்த இரண்டு கறுப்புகள் சமமா என்று கேட்டால் அநேகமாகத் தவறாது. முறை முழுவதும் அந்த ஒரு திறமையின் மேல் கட்டப்பட்டது. வைட்டமின் ஏ 328 நானோமீட்டர் அருகே ஒளியை உட்கவர்கிறது என்பது மீன் ஈரல் எண்ணெய்களை இப்படிப் படம்பிடித்த 1920-களின் ஆய்வுகளில் தெளிவானது.

ராமன் விளைவின் கதையிலும் இரண்டு பட்டைகள் உண்டு. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் சிதறிய ஒளியில் புதிய நிறம் ஒன்று கலந்திருப்பதை முதலில் கண்ணால் கண்டார்கள். உலகத்துக்குக் காட்டத் தட்டு வேண்டியிருந்தது. ஹில்கரின் சிறிய குவார்ட்ஸ் கருவி ஒன்றால் எடுத்த படங்களில், பாதரச விளக்கின் ஒளி ஒரு பட்டை, அதே ஒளி பென்சீனில் பட்டுச் சிதறியது இன்னொரு பட்டை. இரண்டாவதில் முதல் பட்டையின் கோடுகள் இருந்தன, கூடவே முதலில் இல்லாத மெல்லிய கோடுகளும் இருந்தன. 435.8 நானோமீட்டர் நீலக் கோட்டுக்குச் சிவப்புப் பக்கமாக 455.5 அருகே ஒன்று இருப்பது பென்சீன் மூலக்கூறின் அதிர்வு விட்டுச்சென்ற தடம். சிதறல் பட்டை மட்டும் இருந்திருந்தால், இவை பாதரசத்தின் மங்கலான கோடுகள்தானே என்று யாரும் தட்டிக்கழித்திருக்கலாம். மேலே விளக்கின் பட்டையைப் பார், அந்த இடம் காலி. அதற்கு மேல் வாதம் வேண்டியிருக்கவில்லை.

சில ஒப்பீடுகளை ஒரே தட்டில் அடக்க முடியாது. நேற்றைய விண்மீனையும் இன்றைய விண்மீனையும் எப்படி அருகருகே வைப்பது? ஹார்ட்மன் 1906-இல் வெளியிட்ட நிறமாலை ஒப்பிடுவான் இதற்கானது. இரண்டு தட்டுகளும் இரண்டு மேடைகளில் இருக்கும்; ஒளிப்பாதையை மடக்கி இரண்டின் பிம்பத்தையும் ஒரே கண்ணருகு லென்ஸுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு தட்டின் பட்டை மற்றதன் பட்டைகளுக்கு நடுவே செருகியது போல் தெரியும். நுண்திருகைத் திருப்பி முதலில் இரும்புக் கோடுகளை நேர்ப்படுத்து, அளவைக் குறித்துக்கொள். பிறகு விண்மீன் கோடுகளை நேர்ப்படுத்து, மறுபடி குறித்துக்கொள். இரண்டு அளவுகளின் வித்தியாசமே வேகத்தின் வித்தியாசம். நூற்றுக்கணக்கான கோடுகளைத் தனித்தனியாக அளக்கும் கூலி வேலை மிச்சம்.

1912-இல் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் ஆண்ட்ரோமெடா நெபுலாவின் நிறமாலையைப் பிடித்தபோது இந்த நுணுக்கம் பெரிதும் தேவைப்பட்டது. மங்கலான ஒளி, நிறமாலையை நீட்டி விரித்தால் தட்டில் எதுவும் பதியாது. ஆகவே சுருக்கமான நிறமாலை, பல மணி நேர ஒளியேற்றம், ஒரே தட்டை அடுத்தடுத்த இரவுகளில் திறப்பது. அவருக்குக் கிடைத்த விடை, நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். 430 நானோமீட்டர் அருகே இது 0.43 நானோமீட்டர் நகர்வு. ஒரு மில்லிமீட்டருக்குள் பத்துப் பதினைந்து நானோமீட்டர் அடங்கிவிடும் நிறமாலையில், அந்த நகர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்குதான்.

பக்கத்துப் பட்டை இல்லாவிட்டால் என்ன இழப்பு என்பதை ஹார்வர்டின் பெரிய வேலை காட்டும். அங்கே முப்பட்டகத்தைத் தொலைநோக்கியின் முகப்பிலேயே வைத்தார்கள், பிளவு இல்லை. ஒரே தட்டில் நூற்றுக்கணக்கான விண்மீன்களின் சிறு பட்டைகள் விழுந்தன. ஆனி ஜம்ப் கேனன் அவற்றைப் பார்த்து வகைப்படுத்திய 2,25,300 விண்மீன்களின் பட்டியல் 1918-க்கும் 1924-க்கும் இடையில் வெளிவந்தது. வகை கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. பிளவும் ஒப்பீட்டு விளக்கும் இல்லாத தட்டில் நகர்வை எதிலிருந்து அளப்பது?

தட்டின் காலம் முடிந்தது வேகத்தால். உருகிய எஃகு உலையில் காத்திருக்கும்போது இருட்டறையில் தட்டைக் கழுவிக்கொண்டிருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், கோடு விழும் இடத்திலேயே ஒளியை மின்சாரமாக்கும் மின்குழலை வைத்து அளவை நேரடியாகப் படிக்கும் கருவிகள் தொழிற்சாலைகளில் நுழைந்தன. பிறகு வானியலில் ஒளியை மின்னணு முறையில் பதியும் சிசிடி சில்லு வந்து ஜெலட்டினை ஓரங்கட்டியது. ஹார்ட்மன் தகட்டின் வேலை மட்டும் ஒழியவில்லை. சிலியில் உள்ள ஹார்ப்ஸ் கருவி வேற்றுக் கோள்களைத் தேடும்போது ஒரு ஒளியிழையில் விண்மீனின் ஒளி வரும், மற்றதில் தோரியம் ஆர்கான் விளக்கின் ஒளி வரும். இரண்டும் ஒரே சில்லில், அருகருகே.

1917-இல் மவுண்ட் வில்சனில் வால்டர் ஆடம்ஸ், ஃபான் மானன் விண்மீன் என்று இன்று அறியப்படும் வெண்குள்ளனை, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை, ஒரு தட்டில் பிடித்தார். சூரியனைவிடச் சற்று வெப்பமானது போலத் தெரிகிறது என்ற குறிப்போடு அது உறைக்குள் போயிற்று. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஜே ஃபரிஹி என்ற வானியலாளர் கேட்டதன் பேரில் கார்னகி வானாய்வகத்தார் அந்தத் தட்டைத் தேடி எடுத்தார்கள். அதில் கால்சியத்தின் கோடுகள் தெளிவாக இருந்தன. வெண்குள்ளனின் பரப்பில் கால்சியம் நீடிக்க முடியாது, மூழ்கிவிடும். தெரிகிறதென்றால் பாறைச் சிதைவுகள் மேலே விழுந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். வேற்றுக் கோள் குடும்பம் ஒன்றின் முதல் தடயம் 1917-லேயே பதிவாகியிருந்தது. அப்போது அதை அப்படிப் படிக்க யாருக்கும் தெரியாது. 2016-இல் வெளியான அந்தப் படத்தில் விண்மீனின் மெல்லிய பட்டை நடுவில் ஓடுகிறது. அதற்கு மேலும் கீழும், ஆடம்ஸ் அன்றிரவு ஏற்றிய விளக்கின் கோடுகள்.